நின்றுபோன சிவப்பு ஜிஞ்சர்பியர்: மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் வைத்து வீட்டில் எடுப்பது எப்படி?

கனகராயன்

எல்லாருக்கும் வணக்கம். முந்தி வன்னிக் கடைகளில் கண்ணாடிப் போத்தலில் வந்த சிவப்பு ஜிஞ்சர்பியர் இப்ப எங்கயும் இல்லை. அந்தச் சோடாக் கம்பனி அதை நிப்பாட்டிப் போட்டுது. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்: மற்ற ஜிஞ்சர்பியர் மாதிரி வெளிறின மஞ்சள் இல்லை, வெளிச்சத்துக்கு நேர பிடிச்சால் செம்பு கலந்த சிவப்பு. கிளாசில் ஊத்தினால் நுரை நிண்டு மெல்ல இறங்கும். இஞ்சி உறைப்புக்குப் பின்னால் பாண் தோலின்ர வாசம் வரும். லேபலில் போட்டிருந்தது: தண்ணீர், சீனி, மோல்ட் எக்ஸ்ட்ராக்ட், இஞ்சி, சித்திரிக் அமிலம், நிறமூட்டி ஈ150.

பேக்கரிச் சாமான் விக்கிற கடையில் மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் பாணி (முளைக்க வைச்ச பார்லியில் எடுக்கிறது) ஒரு வாளி எடுத்து வைச்சிருக்கிறன். 10 லீட்டர் எடுக்க யோசனை. மூண்டு விசயம் தெரிய வேணும். சிவப்பை எப்பிடிக் கொண்டாறது? நுரையைக் கலையாமல் எப்பிடி நிக்க வைக்கிறது? போத்தல் வெடிக்காமல் காஸ் எப்பிடி ஏத்துறது? கனகராயன்குளம் பக்கத்துக் கிணத்துத் தண்ணி.

வவுனிக்குளம்

தம்பி, முதலில் வாளியின் லேபலைத் திருப்பிப் பாருங்கோ. பேக்கரிக்கு வாற மோல்டில் இரண்டு வகை இருக்கு. ஒன்றில் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியம் உயிரோட இருக்கும், மற்றதில் சூடாக்கி அதை அழிச்சிருப்பினம். எங்கட வேலைக்கு இரண்டும் சரி, ஏனென்டால் எப்படியும் கொதிக்க வைக்கப் போறம். ஆனால் பாலோட சேர்ந்த மோல்ட் மா, அதாவது குடிக்கக் கரைக்கிற வகை, கிட்டவும் கொண்டு வரக்கூடாது. அமிலம் பட்டதும் பால் திரியும், அடியில் தயிர்க்கட்டி மாதிரி நிற்கும். மூடியைத் திறந்து மணந்தும் பாருங்கோ. பழைய எக்ஸ்ட்ராக்ட் கறுத்து, கசந்த கரமல் வாசம் அடிக்கும். அதைப் போட்டால் எவ்வளவு இஞ்சி போட்டாலும் அந்த வாசம் மறையாது.

10 லீட்டருக்கு அளவு:

மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் பாணி 400 கிராம்
வெள்ளைச் சீனி 600 கிராம்
பச்சை இஞ்சி 300 கிராம், தோல் சுரண்டினது
கறுப்பாக வறுத்த பார்லி 50 கிராம்
சித்திரிக் அமிலம் 10 முதல் 15 கிராம், அல்லது அதற்கு ஈடாகத் தேசிக்காய்ப் புளி
உடன் பாண் ஈஸ்ட் அரைக்கால் தேக்கரண்டி, அதாவது 0.4 கிராம் வரையில்

எக்ஸ்ட்ராக்ட் பாணியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணி. ஆகவே 400 கிராமில் 320 கிராம் தான் கரைந்த திண்மம். சீனியோட சேர்த்து 920 கிராம். ஹைட்ரோமீற்றர் (சீனி கரைஞ்ச அளவை அடர்த்தியாகக் காட்டுற மிதவை) இருந்தால் 1.035க்கும் 1.037க்கும் இடையில் காட்ட வேணும். சூடான திரவத்தில் அளக்காதேங்கோ. 20 பாகை செல்சியஸில் அளவு பிடிச்ச கருவி 30 பாகையில் 2, 3 புள்ளி (அதாவது 0.002, 0.003) குறைச்சுக் காட்டும், எங்கட ஊர்ச் சூட்டுக்கு அதைக் கூட்டித்தான் வாசிக்க வேணும்.

இனிச் சிவப்பு. பார்லித் தண்ணி வைக்கிற பார்லி எல்லாப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். தாச்சியில் எண்ணெய் இல்லாமல் இளந்தணலில் இடைவிடாமல் கிளறி, கோப்பிக் கொட்டை நிறம் வரும் வரை வறுக்க வேணும். அரை மணித்தியாலம் தொடக்கம் முக்கால் மணித்தியாலம் எடுக்கும். கறுத்த பிறகும் ஒரு மணியைக் கடிச்சால் நறுக்கெண்டு உடைந்து, உள்ளே கடும் மண்ணிறம் தெரிய வேணும். உள்ளேயும் கரியாக இருந்தால் தாண்டிப் போச்சு, அது சாம்பல் கசப்புத் தான் தரும். காரமான புகை வரத் தொடங்கினதும் உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கோ. தாச்சிச் சூட்டிலேயே விட்டால் வறுபட்டுக்கொண்டே போகும். ஒரு நாள் திறந்து வைச்சால் முகத்தில் அடிக்கிற புகை வாசம் போயிடும். அம்மியில் இரண்டாக மூண்டாக உடைச்சால் போதும், மாவாக்கக் கூடாது.

அதை வெள்ளைத் துணியில் கட்டி, 70 பாகைத் தண்ணி 1 லீட்டரில் 20 நிமிசம் ஊறப் போடுங்கோ. கொதிக்க விடக்கூடாது, பொட்டலத்தைப் பிழியவும் கூடாது. இரண்டும் துவர்ப்பை இழுத்து வரும்.

குளக்கட்டு

பார்லி எதுக்கு? சீனியைக் கருக்கி விட்டால் நிறம் வந்திடும்தானே. லேபலிலும் ஈ150 எண்டுதான் போட்டிருக்கு.

நெடுங்கேணி அக்கா

கருக்கின சீனி மண்ணிறம் தரும், சிவப்புத் தராது. கேக்குக்குச் சீனி கருக்குற ஆக்களுக்கு இது கண்ணால் கண்ட விசயம்: மெல்லிசாகக் கரைச்சால் மஞ்சள், தடிப்பாகக் கரைச்சால் கோப்பி. இடையில் சிவப்பு எண்டு ஒரு கட்டம் இல்லை. அளவைக் கூட்டினால் கசப்பும் கூடும்.

கம்பனிகள் போடுற ஈ150 வேற சாமான். அதில் ஏ, பி, சி, டி எண்டு நாலு வகை. பியருக்குப் பாவிக்கிறது சி வகை, அதின்ர துகள்களுக்கு நேர் ஏற்றம். அமிலச் சோடாக்களுக்குப் பாவிக்கிறது டி வகை, மறை ஏற்றம். மாறிப் போட்டால் புரதத்தோடும் துவர்ப்புப் பொருளோடும் பிடிபட்டு மண்டியாகும். மோல்ட் புரதமும் சித்திரிக் அமிலமும் ஒரே போத்தலில் இருக்கிற பானத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வீட்டில் அதோட மல்லுக்கட்டத் தேவையில்லை, வறுத்த பார்லி தான் நேர் வழி. ஐரிஷ் ரெட் ஏல் எண்ட அயர்லாந்துச் சிவப்புப் பியரிலும் சிவப்பு அப்பிடித்தான் வருது: வெளிறின மோல்டுக்குள்ள ஒரு சிட்டிகை கறுப்பு வறுவல். கூடப் போட்டால் சிவப்பு மறைஞ்சு மண்ணிறமாகி, பிறகு கறுத்துப் போகும்.

அதனால 50 கிராமை ஒரேயடியாகச் சேர்க்காதேங்கோ. ஊறல் தண்ணியைப் பக்கத்தில் வைச்சுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அண்டைக்குக் குடிக்கப் போற அதே கிளாசில் எடுத்துப் பாருங்கோ. கிடாரத்துக்குள்ள பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வீட்டு வறுவல் ஒவ்வொருமுறையும் ஒரே மாதிரி வராது, நிறுவையை விடக் கண் தான் சரியான அளவு.

செட்டிகுளம்

நீங்கள் எல்லாரும் மோல்டையும் பார்லியையும் கதைக்கிறீங்கள், பத்தில் ஒன்பது பங்கு தண்ணி. வன்னியில் சிவப்பைக் கெடுக்கிறதும் தண்ணி தான்.

வவுனியா, செட்டிகுளம், கனகராயன்குளம் பக்கம் பாறைத் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளைப் படை கட்டுற கிணறு எண்டால் கடினம் மட்டுமில்லை, காரத்தன்மையும் கூட. அந்தத் தண்ணியில் வறுத்த தானியத்தை ஊறப் போட்டால் துவர்ப்புக் கூட இறங்கும், நிறம் மங்கி மண்ணிறப் பக்கம் சாயும். அதோட நீங்கள் போடுற அமிலத்தையும் அது தின்னும். காரத்தன்மை லீட்டருக்கு 300 மில்லிகிராம் இருக்கிற தண்ணியில் லீட்டருக்கு 1 கிராம் சித்திரிக் அமிலம் போட்டால் பெரும்பங்கு அதைச் சமப்படுத்தவே போயிடும், புளிப்பு நாக்குக்கு வராது. பிறகு "தேசிக்காய் காணாது" எண்டு கூட்டிக்கூட்டிப் போடுவினம்.

முதல் நாள் பின்னேரம் 13 லீட்டரை மூடாமல் 15 நிமிசம் கொதிக்க வையுங்கோ. மேலே வெள்ளையாக ஆடை மிதக்கும், ஆறினதும் அடியில் மாப்போல படியும். விடிய, கிடாரத்தை ஆட்டாமல் மேல் தண்ணியை மட்டும் வார்த்து எடுங்கோ. கடைசி ஒரு லீட்டரை ஊத்திப் போடுங்கோ. கொதிக்க வைச்சுப் போறது பைகாபனேற்றுக் கடினம் மட்டும் தான். உப்பும் புளோரைட்டும் போகாது, தண்ணி வற்றுறதால் செறிவு கூடும். ஆகவே புளோரைட் கூடின கிணறு, பூநகரி, மன்னார்க் கரைப் பக்கத்து உவர்க் கிணறு இரண்டுக்கும் இந்த முறை சரிவராது. வடிகட்டி நிலையத் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்கோ. குழாய்த் தண்ணி எண்டால் குளோரின் போகக் கொதிக்க வைக்கத்தான் வேணும். இல்லாட்டில் ஆஸ்பத்திரி மருந்து வாசம் வரும், அது பிறகு எதுக்கும் போகாது.

குழாய்க் கிணற்றுத் தண்ணியை வாளியில் பிடிச்சு வைச்சால் செங்காவி படியுதா? அப்ப இரும்பு இருக்கு. பார்லியின்ர துவர்ப்போட இரும்பு சேர்ந்தால் மை நிறம். சிவப்பு எண்டு காய்ச்சினது விடிஞ்சு பார்த்தால் சாம்பல் கறுப்பு. அந்தத் தண்ணியை உயரத்திலிருந்து வாளிக்கு வாளி மாத்தி ஊத்திக் காத்துப் பிடிக்க வைச்சு, ஒரு இரவு அடைய விட்டு, மணலில் வடிச்சுத்தான் எடுக்க வேணும்.

கனகராயன்

அண்ணை, கேத்திலில் வெள்ளைப் படை இருக்கு, செங்காவி இல்லை. கொதிக்க வைச்சு வார்க்கிறன். பி.எச்., அதாவது புளிப்பு அளவு, எவ்வளவில் நிக்க வேணும்?

செட்டிகுளம்

3.8க்கும் 4.2க்கும் இடையில். பி.எச். தாள் வாங்கேக்க 3 தொடக்கம் 6 வரை காட்டுறதைக் கேட்டு வாங்குங்கோ. 1 தொடக்கம் 14 வரை காட்டுறதில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புத் திரவத்தில் தாளின் நிறம் குழம்பும், ஆகவே ஒரு துளியைத் தாளின் ஒரு ஓரத்தில் வைச்சு, பின்பக்கம் ஊறி வாற நிறத்தைப் பாருங்கோ.

வவுனிக்குளம்

தண்ணிப் பாடம் முடிஞ்சுது, காய்ச்சுறதுக்கு வாறன்.

வார்த்த தண்ணியில் 5 லீட்டரைக் கொதிக்க வையுங்கோ. கொதிச்சதும் அடுப்பை நிப்பாட்டி, கிடாரத்தை இறக்கி, அதுக்குப் பிறகு தான் மோல்ட் பாணியை விட வேணும். தேனை விடத் தடிப்பான சாமான், அடுப்பில் இருக்கேக்க விட்டால் நேரே அடியில் போய் ஒட்டிக் கருகும். வாளியை முன்னமே வெந்நீரில் வைச்சால் இலகுவாக வழியும். அகப்பை அடியில் வழுக்கிக்கொண்டு போகும் வரை கரைச்சு, சீனியையும் போட்டு, திரும்ப அடுப்பில் ஏத்துங்கோ. முதல் கொதியில் நுரை பொங்கி வழியப் பார்க்கும், அது மோல்ட் புரதம். கிடாரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது, கையில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணி இருக்க வேணும். பொங்கி அடங்கினதும் 15 நிமிசம் கொதிச்சால் போதும். முட்டைப் பொரி மாதிரி துணுக்குகள் மிதக்கும், அவை பிறகு அடையும்.

இஞ்சியில் பாதியைச் சிவலாக அரிஞ்சு இந்தக் கொதியோடயே போடுங்கோ. மற்றப் பாதியைத் துருவிப் பிழிஞ்சு, சாற்றைப் பத்து நிமிசம் அடைய விடுங்கோ. அடியில் வெள்ளையாக இஞ்சி மா படியும். அதைச் சேர்த்தால் பானம் முழுக்கக் கலங்கல், மேல் சாற்றை மட்டும் எடுங்கோ. இறக்கி 60 பாகைக்கு ஆறினதும் சாற்றை விட்டால் பச்சை உறைப்பு அப்பிடியே நிக்கும்.

நெடுங்கேணி அக்கா

அண்ணை, ஆறினபிறகு பச்சைச் சாறு விடுறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கிற நொதியம் இருக்கு. ஆட்டிறைச்சி மெதுமையாகப் பிரட்டி வைக்கிறதும் அதுக்காகத்தான். அதுக்கு 60 பாகை மிகவும் பிடிச்ச சூடு. நுரையைப் பிடிச்சு வைச்சிருக்கிற மோல்ட் புரதத்தை அதே வெட்டித் தள்ளும். தம்பி கேட்ட இரண்டாவது கேள்வியே நுரை தானே. சாற்றை அடுப்பை அணைச்ச உடனே, 90 பாகைக்கு மேல் இருக்கேக்க விடுங்கோ. நொதியம் செத்துப் போகும், சாற்றில் இருக்கிற காட்டு ஈஸ்டும் பக்டீரியாவும் அதோட போகும். உறைப்புக் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரேயடியாகப் போகாது. நீளக் கொதிக்க விட்டால் தான் இஞ்சி தன் கூர்மையை விட்டு இனிப்பு வாசத்துக்கு மாறும்.

வவுனிக்குளம்

நுரை முக்கியம் எண்டால் அக்கா சொல்லுறது சரி. நுரை தேவையில்லாமல் உறைப்பு மட்டும் வேணும் எண்டவைக்கு என்ர முறை. தம்பி, நீங்கள் அக்கா சொன்ன மாதிரிச் செய்யுங்கோ, இஞ்சியை 350 கிராமுக்குக் கூட்டுங்கோ.

மிச்சம் சுருக்கம். மூடி, கிடாரத்தைக் குளிர்தண்ணிச் சருவத்துக்குள்ள இறக்கி வையுங்கோ. தண்ணியை இரண்டு மூன்று தரம் மாத்தினால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள கை பொறுக்கிற சூட்டுக்கு வரும். துணியால் வடிச்சு, பார்லி ஊறலும் அமிலமும் சேர்த்து, மிச்ச வார்த்த தண்ணியால் 10 லீட்டருக்கு நிரப்பி, புளிப்பையும் நிறத்தையும் பாருங்கோ. இந்த நிலையில் வாய்க்குக் கொஞ்சம் கூட இனிப்பாக இருக்க வேணும். ஈஸ்ட் ஒரு பங்கைத் தின்னும், காஸும் இனிப்பை மறைக்கும்.

ஈஸ்ட்டை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு சிட்டிகை சீனியோட கரைச்சுப் பத்து நிமிசம் வையுங்கோ. மேலே நுரை கட்டாவிட்டால் பைக்கற் பழசு, மாத்துங்கோ. கிடாரம் 30 பாகைக்கு வந்த பிறகு தான் கலக்க வேணும். அரைக்கால் தேக்கரண்டி பார்க்கச் சின்ன அளவு தான். கூட்டிப் போட்டால் பாண் மா வாசம் வரும், காஸும் கைக்கு அடங்காத வேகத்தில் ஏறும்.

பாண்டியன்குளம்

போத்தல் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை, கையைக் காலை வெட்டுற இடம் அது தான்.

சாராயப் போத்தல், சோஸ் போத்தல், தேன் போத்தல் ஒன்றும் அமுக்கத்துக்குச் செய்தது இல்லை. அவை வெடிச்சால் கண்ணாடி சுவரில் குத்தி நிக்கும். பழைய சோடாக் கண்ணாடிப் போத்தல் அமுக்கத்துக்குச் செய்தது தான், ஆனால் கனகாலம் கடையில் உரசுப்பட்டுக் கழுத்திலும் அடியிலும் கீறல் விழுந்திருக்கும். அதிலும் வேண்டாம். பிளாஸ்டிக் சோடாப் போத்தல் மட்டும் பாவியுங்கோ. அடியைத் திருப்பிப் பாருங்கோ: ஐந்து கால் வைச்சு, நடுவில் தடிச்ச பொட்டு இருந்தால் காஸுக்குச் செய்த போத்தல். தண்ணிப் போத்தலின் அடி தட்டையாக, வரி வரியாக இருக்கும், சுவர் மெல்லிசு. அதில் ஊத்தினால் அடி வெளியே தள்ளி, போத்தல் நிமிர்ந்து நிக்காது. வெயிலில் கிடந்து வெளிறின போத்தலும் கழிவு. மூடிக்குள்ள ரப்பர்ப் படை கிழியாமல் இருக்க வேணும்.

கழுவுறதுக்கு: 5 லீட்டர் தண்ணிக்கு வாசனை இல்லாத பிளீச் ஒரு தேக்கரண்டி. பத்து நிமிசம் ஊறவிட்டு, கொதிச்சு ஆறின தண்ணியால் மூண்டு தரம் அலசுங்கோ. கொதிதண்ணியைப் பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள ஊத்தினால் சுருங்கிப் போகும்.

வாயில் நாலு விரல் இடம் விட்டு நிரப்பி, மூடி, இருட்டில் நிமிர்த்தி வையுங்கோ. காஸ் கணக்கு இது: ஈஸ்ட் ஒரு லீட்டரில் 4 கிராம் சீனியைத் தின்றால், பானத்தின் அளவுக்குச் சமமான ஒரு பங்கு காபனீரொட்சைட்டு வரும். கடைச் சோடாவில் மூண்டரைப் பங்குக்குக் கிட்ட இருக்கும். அப்ப லீட்டருக்கு 14, 15 கிராம் சீனி போனால் போதும். உங்கட போத்தலில் லீட்டருக்கு 90 கிராமுக்கு மேல் கிடக்கு. நிப்பாட்டாவிட்டால் ஈஸ்ட் தானாக நிக்காது, எந்தப் போத்தலும் தாங்காது. எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான். இந்த முறையில் இனிப்பும் காஸும் ஒன்றாக நிக்கிறது குளிரால் மட்டும்.

மணிக்கூட்டைப் பார்க்காதேங்கோ, போத்தலை அமத்திப் பாருங்கோ. சித்திரை, வைகாசிச் சூட்டில் ஒரு நாளிலேயே இறுகும், மார்கழி மாரியில் மூண்டு நாளும் எடுக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தோள்ப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்துங்கோ. பக்கத்தில் கடையில் வாங்கின, திறக்காத சோடா ஒன்றை வைச்சு ஒப்பிடுங்கோ. அதேயளவு இறுகினதும் எல்லாப் போத்தலையும் ஒரேயடியாகப் பிறிட்ஜில் ஏத்துங்கோ. ஒரு போத்தலைத் திறந்து, காஸ் போகக் கோப்பைக்குக் கோப்பை மாத்தி ஊத்தி, ஹைட்ரோமீற்றரில் பார்த்தால் தொடக்கத்தை விட 6, 7 புள்ளி இறங்கியிருக்கும்.

பகல் 33, 34 பாகை ஏறுற வீட்டில் போத்தல்களைத் தண்ணி வாளிக்குள்ள நிறுத்தி, மேலே ஈரச்சாக்குப் போட்டு, காத்துப் படுற திண்ணையில் வையுங்கோ. சூடு கூடினால் ஈஸ்ட் காட்டமான வாசம் விடும்.

குளக்கட்டு

கறண்ட் நிண்டால்?

பாண்டியன்குளம்

கதவைத் திறக்காமல் நாலைஞ்சு மணித்தியாலம் ஓடும். ஒரு பகல் முழுக்க நிண்டால் ஈஸ்ட் முழிச்சிடும். அமத்திப் பாருங்கோ, கல்லுப் போல இருந்தால் தொட்டித் தண்ணிக்குள்ள வைச்சு ஆற விட்டு, மூடியைக் கால் சுத்து மட்டும் திருப்பிக் காஸை விட்டு, திரும்ப இறுக்குங்கோ. முகத்தை மூடிக்கு நேரே கொண்டு போகாதேங்கோ. பிறிட்ஜில் வைச்சாலும் இரண்டு கிழமைக்குள்ள குடிச்சு முடிக்க வேணும்.

மாங்குளம்_ரொறன்ரோ

இதையே முழுசாகப் புளிக்க விட்டால் சிவப்பு ஏல் தானே? இங்க ரெட் ஏல் ஒன்றையும் கடையில் நிப்பாட்டிப் போட்டினம், அதை நான் எக்ஸ்ட்ராக்டில் எடுக்கிறனான். 20 லீட்டருக்கு வெளிறின மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் பாணி 3 கிலோ, நடுத்தரக் கிறிஸ்டல் மோல்ட் (கரமல் வாசம் தாற மோல்ட் மணி) 250 கிராம், வறுத்த பார்லி 100 கிராம். இரண்டு தானியத்தையும் 68 பாகையில் அரை மணித்தியாலம் ஊற வைச்சு எடுத்து, 5 சதவீத ஆல்பா அமிலம் உள்ள ஈஸ்ட் கென்ற் கோல்டிங்ஸ் ஹொப் (பியருக்குக் கசப்புத் தாற பூ) 45 கிராம் போட்டு 60 நிமிசக் கொதி. ஹைட்ரோமீற்றரில் தொடக்கம் 1.046, 1.047. ஏல் ஈஸ்ட், 18 தொடக்கம் 20 பாகை, இரண்டு கிழமை, 1.012க்குக் கிட்ட இறங்கும்.

நெடுங்கேணி அக்கா

தம்பி, அங்க வீட்டுத் தேவைக்கு எடுக்கிறதுக்குச் சட்டம் விடும். இங்க இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் எடுக்கிறது குற்றம். சீனியும் ஈஸ்டும் கலந்த பீப்பா ஒன்றை வீட்டில் கண்டால் அதைக் கோடா, அதாவது கள்ளச்சாராயம் வடிக்கப் புளிக்க வைச்ச ஊறல், எண்டுதான் பார்ப்பினம். ஆகவே இந்த இழையை ஜிஞ்சர்பியரோடயே வைச்சிருப்பம். பாண்டியன்குளம் அண்ணை சொன்ன லீட்டருக்கு 15 கிராமில் கூட 1 சதவீதத்துக்குக் கிட்ட மதுசாரம் வரும். பிள்ளைகளுக்குக் குடுக்கிறதெண்டால் ஈஸ்டே போடாதேங்கோ: இதே பாணியை 3 லீட்டராகச் செறிவாகக் காய்ச்சி, கிளாசில் ஒரு பங்கு விட்டு, இரண்டரைப் பங்கு இனிப்பில்லாத கடைச் சோடாவை மேலே ஊத்தினால் போதும். சிவப்பும் மோல்ட் வாசமும் நிக்கும்.

ஒட்டுசுட்டான்

மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்காத ஆக்களுக்கு: எங்கட குரக்கனை (கேழ்வரகை) முளைக்கப் போட்டால் அதே வேலை செய்யும். சிறுதானியங்களில் மாப்பொருளைச் சீனியாக்கும் சக்தி முளைக்குரக்கனில் நல்லா இருக்கு, தோலும் சிவப்பு.

கல் அரிச்சு, 12 மணித்தியாலம் ஊற வைச்சு, இடையில் தண்ணி மாத்துங்கோ. ஈரச்சாக்கில் ஒரு விரற்கடை தடிப்பில் பரப்பி, காலையும் பின்னேரமும் தண்ணி தெளிச்சுப் பிரட்டி விடுங்கோ. இரண்டு தொடக்கம் மூன்று நாளில் வேர் மணியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வரும், அதோட நிப்பாட்டுங்கோ. புளிச்ச வாசமோ பூஞ்சணமோ கண்டால் முழுசாகக் கொட்டுங்கோ. வெயிலில் கடித்தால் உடைகிற பதத்துக்குக் காயவிட்டு, கையால் கசக்கி வேரைப் புடைச்சு, ரவைப் பதத்துக்குத் திரியுங்கோ.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. குரக்கன் மாப்பொருள் 70 பாகைக்கு மேல் போனால் தான் நல்லா அவியும். நொதியமோ அந்தச் சூட்டில் அழியத் தொடங்கும். ஆகவே 1 கிலோ மாவை 4 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணியில் அரை மணித்தியாலம் கரைச்சு வைச்சு, மேலே தெளிஞ்ச தண்ணியை வேறாக வார்த்து எடுங்கோ. நொதியம் அதில் இருக்கு. அடியில் கிடக்கிற களியைத் தண்ணி சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சி, கொஞ்சம் ஆறினதும் வார்த்த தண்ணியைக் கலந்து 63, 65 பாகைக்குக் கொண்டு வாங்கோ. சாக்குப் போர்த்தி ஒன்றரை மணித்தியாலம் விடுங்கோ. களி தண்ணியாக இளகி இனிக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு துளி எடுத்து, காயத்துக்குப் போடுற அயடின் ஒரு சொட்டு விட்டால், நீலக் கறுப்பு வந்தால் மாப்பொருள் மிச்சம், இன்னும் வைக்க வேணும். நிறம் மாறாவிட்டால் முடிஞ்சுது. துணியில் வடிச்சு, பாணிப் பதத்துக்குக் கொஞ்சம் முந்தி வரை வற்றக் காய்ச்சுங்கோ. அயடின் பட்ட துளியைத் திரும்பச் சட்டிக்குள்ள விடக்கூடாது.

பார்லி மோல்டின்ர பாண் வாசம் இதில் குறைவு, மண் வாசமும் சின்னத் துவர்ப்பும் இருக்கும். எனக்கெண்டால் இஞ்சிக்கு அது தான் பொருத்தம். நுரை மட்டும் அவ்வளவு நிக்காது.

கனகராயன்

காய்ச்சி எடுத்து, பிறிட்ஜில் ஏத்தியாச்சு. நிறம் வந்திட்டுது. நுரை பொங்குது, ஆனால் கொஞ்ச நேரத்தில் கலைஞ்சு போகுது. ஒரு போத்தலைத் திறக்கேக்க பாதி வெளியே சீறிப் போட்டுது, மத்ததுகள் அப்பிடி இல்லை.

நெடுங்கேணி அக்கா

நுரை கலையிறதுக்கு முதல் காரணம் கிளாஸ். எண்ணெய்ப் பசையும் சவர்க்காரப் படலமும் நுரையைக் கொல்லும். கிளாசை உப்புப் போட்டுத் தேய்ச்சு, அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காய விட்டு ஊத்திப் பாருங்கோ. அதுக்கும் நிக்காவிட்டால் அடுத்தமுறை மோல்டை 500 கிராமாக்கி, சீனியில் 80 கிராமைக் குறையுங்கோ.

பாண்டியன்குளம்

ஒரே சட்டியில் ஒரு போத்தல் மட்டும் சீறினால் அந்தப் போத்தல் தான் பிழை. ஒன்றில் அடியில் இஞ்சித் துணுக்கோ மண்டியோ கூட இறங்கியிருக்கு, காஸ் அதைச் சுத்தித்தான் வெடிச்சுக் கிளம்பும். அல்லது கழுவினது காணாமல் கிருமி புகுந்து, ஈஸ்ட் தின்னாததையும் தின்னுது. மிச்சத்தைக் கிளாசில் சாய்ச்சுப் பாருங்கோ. எண்ணெய் மாதிரி இழுபட்டு வழிஞ்சால், அல்லது தயிர்ப் புளிப்பு அடிச்சால், கிருமி: அதைக் கொட்டி, போத்தலையும் மூடியையும் எறியுங்கோ. சுவை மற்றதைப் போலவே இருந்தால் துணுக்குத் தான் காரணம். அடுத்தமுறை இரட்டைத் துணியில் வடிச்சு, அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேலால் குழாய் வைச்சு இழுத்து நிரப்புங்கோ. மிச்சப் போத்தல்களை ஒரு இரவு முழுக்கக் குளிர விட்டு, ஆட்டாமல் எடுத்து, மூடியை மெல்ல மெல்லத் திருப்பி, சீறல் கேட்டதும் நிப்பாட்டி, அடங்கினதும் திறவுங்கோ. அடி வண்டலைக் கிளாசுக்குள்ள விழ விடாமல் கடைசி இரண்டு விரல் அளவைப் போத்தலிலேயே விடுங்கோ.